எஞ்சின் இல்லாத ஓட்டோ

என் தங்கச்சி றிபாவின் புருஷன் மக்கீனுக்குப் பைத்தியம் பிடித்தது ஒரு பத்திரிகைச் செய்தியால்தான். வெளிநாட்டுக் கார்க் கொம்பனியொன்று நாலு விதமான மின்சார வாகனங்கள் செய்யப் போகிறதாம், சண்டை முடிந்ததும் இலங்கைக்கும் வருமாம். அது 2009 மாசி மாதம். வன்னியில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. இவனோ கல்முனையில் எங்கள் பெட்டரிக் கடையில் ஒரு பழைய ஓட்டோவின் எஞ்சினைக் கழற்றி மின்சார மோட்டரைப் பூட்டிவிட்டு, சீற்றுக்கு அடியில் நாலு லொறிப் பெட்டரிகளை அடுக்கினான்.

"கொம்பனிக்காரன் வாறத்துக்கு முன்னுக்கே நாம ஓடிக் காட்டணும் மச்சான். ஏஜென்சி நமக்குத்தான்" என்றான்.

"ஒண்ட மூளைக்கும் கொஞ்சம் சார்ஜ் ஏத்துடா" என்று ஏசினேன். ஏசினேனே தவிர, முதல் ஓட்டத்தில் அவனுக்குப் பின்னால் மோட்டார்சைக்கிளில் போனதும் நான்தான். ஆசை யாரை விட்டது?

சோதனைச் சாவடிக்கு முன்னால் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போகவேண்டும். எங்கள் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். எஞ்சினே இல்லாத வண்டிக்கு அது எதற்கு என்று நினைத்தானோ என்னவோ, மக்கீன் இருந்த இருப்பிலேயே சத்தமில்லாமல் உருண்டு போனான். எஞ்சினை நிறுத்தச் சொல்லிச் சிப்பாய் கத்தினான். இந்த விசரன் பல்லைக் காட்டிக்கொண்டு, அரைகுறைச் சிங்களத்தில் "எஞ்சின் நே சேர்" என்றான். எஞ்சின் இல்லையாம்!

சீற்றைத் தூக்கிப் பார்த்தார்கள். பெட்டரியும் சிவப்பு வயரும். துவக்குப் பிடியால் முகத்தில் ஒரே அடி, இரண்டு பல் ரோட்டில் விழுந்தன. விழுந்தவனின் வலக்கையை இன்னொருவன் சப்பாத்தால் மிதித்துத் திருகினான். விரல்கள் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கையிரண்டையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். இது குண்டில்லை, வெறும் ஓட்டோ என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

அதிகாரி வயர்களைப் பிடுங்கி என் முகத்தில் எறிந்தான். "அப்படியென்றால் திரும்பக் கொளுவி ஓட்டிக் காட்டு" என்றான். சிப்பாய்கள் மண்மூட்டைகளுக்குப் பின்னால் போய்ப் படுத்து எங்களைக் குறிபார்த்தார்கள்.

மக்கீன் ஓட்டோவைப் பிடித்து எழும்பி இரத்தம் துப்பினான். "கை ஏலாது மச்சான். நீ கொளுவு. பயப்பிடாத, அல்லாஹ் இரிக்கான்."

ஒவ்வொன்றாகக் கொளுவினேன். கடைசி வயரைப் பெட்டரியில் வைத்ததும் படீரென்று பொறி பறந்தது. பறக்கத்தான் செய்யும். கடையில் நாளைக்கு நாற்பது தரம் பார்க்கிறோம், கண்கூடச் சிமிட்டமாட்டோம். பெட்டரிக்காரனுக்கு அது ஒரு விசயமே இல்லை.

மண்மூட்டைப் பக்கமிருந்து மூன்று வெடி. மக்கீன் என் தோளில் சாய்ந்தான். அவன் நெஞ்சிலிருந்து பாய்ந்த சூடு என் வயிறுவரை நனைத்தது. படுபாவிகள், பிறகு ஓடி வந்து பார்த்துவிட்டு, குண்டு இல்லைத்தான் என்றார்கள்!

மக்கீனின் மையத்தைக் குளிப்பாட்டத் தூக்கும்போது றிபா என் சேட்டுக் கொலரைப் பிடித்தாள். அவள் அழவில்லை.

"பொறி பறக்கும், சுட்டுராதீங்கண்டு அவனுகளுக்கிட்ட நீங்க சொல்லல்லயா காக்கா? ஒங்களுக்குத்தானே சிங்களம் தெரியும்?"

"நெனவே வரல்ல புள்ள" என்றேன்.

அவள் கொலரை விடவில்லை.