வாய்க்கால்கரை இறக்கம்

ஊர்ச் சண்டையில் யாரோ எறிந்த கல் பட்டு டவுன் பஸ்ஸின் கண்ணாடி உடைந்தது. எறிந்தவன் யாரென்று எவரும் விசாரிக்கவில்லை. மறுநாளிலிருந்து வாய்க்கால்கரைக் காலனியில் பஸ் நிற்காமலே போனது. அது தொண்ணூற்றைந்தாம் வருஷம். பஸ் போனதும் டீக்கடை போயிற்று. பால்காரர் வருவதை விட்டார். காலனி ஆள் என்றால் ஜங்ஷன் கடைகளில் வேலை இல்லை. காலனிப் பெண் தேன்மொழிகூட வீடு முந்தின நிறுத்தமான தச்சநல்லூரில் என்று சொல்லித்தான் ஜவுளிக்கடையில் சேர்ந்திருந்தாள்.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம், தச்சநல்லூரில் இறங்கி நடந்துவந்தவள், பாதி வழியில் பக்கத்து வீட்டுச் சந்தனமாரி மைல்கல்லில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். நிறைமாதக்காரி. ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிறவள்.

"ஏட்டி, நீ போ. நான் பைய வாரேன்."

தேன்மொழி அவளைத் தோளில் தாங்கி நடத்திக்கொண்டு வந்தாள். அடுத்த பஸ் இருவர் மேலும் சேற்றை வாரியடித்துவிட்டு, காலனி வழியாகவே பறந்தது.

மறுநாள் தேன்மொழி தச்சநல்லூரில் இறங்கவில்லை.

"காலனில நிக்காது தாயி, இங்கன எறங்கிக்கோ" என்றார் கண்டக்டர்.

"என் வீடு அங்கனதான் அண்ணாச்சி இருக்கு."

"அங்கன நிறுத்தி மறுபடி கண்ணாடி போச்சுன்னா?"

"கல்லெறிஞ்சது நானுமில்ல, எங்க அம்மையுமில்ல."

முன்சீட்டில் இருந்த ஜவுளிக்கடைக் கணக்கர் திரும்பிப் பார்த்தார். தச்சநல்லூர்ப் பொய் அவருக்குத் தெரிந்துபோயிற்று. ஆனாலும் தேன்மொழி எழுந்திருக்கவில்லை. காலனியைத் தாண்டிக் கடைசி ஊர்வரை போய், அங்கிருந்து நடந்தே வீடு திரும்பினாள்.

காலையில் கணக்கர் வாய் திறக்குமுன் அவளே முதலாளி அருமைநாயகத்திடம் போய் நின்றாள். "என் வீடு வாய்க்கால்கரைல."

"மொதல்லயே சொல்லலியே?"

"சொல்லியிருந்தா எடுத்திருப்பீயளா?"

அவர் ஒரு துணிக்கட்டை அவள் பக்கம் தள்ளினார். "போய் வேலையைப் பாரு" என்றார்.

அன்று சாயங்காலம் அவளோடு காலனிப் பெண்கள் சுடலைவடிவும் மாரிக்கண்ணுவும் ஏறினார்கள். அடுத்தடுத்த நாட்களில் கட்டட வேலைக்குப் போன ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். யாரும் சத்தம் போடவில்லை. ஒருவரும் தச்சநல்லூரில் இறங்கவுமில்லை. பஸ் அவர்களைக் கடைசி ஊரில் கொண்டுபோய் விட்டது. அவர்கள் கூட்டமாகத் திரும்பி நடந்தார்கள்.

கார்த்திகை பிறந்தபின் ஒருநாள், காலனி முக்கில் டிரைவர் தாமாகவே பிரேக் போட்டார். கண்டக்டர் படியிலிருந்து விலகி வழிவிட்டார்.

"நாளைக்குக் காலையிலயும் இங்கனயே நிப்போம் அண்ணாச்சி, ஏத்திக்கிடணும்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள் தேன்மொழி.