தசமியில் கொடுத்த சாவி

பரசுராமனைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பார்க்காமலும் இருக்க முடியாது. ஒரே கம்பெனி, ஒரே லைன். ஊரெல்லாம் ஓடப்போகிற கார்களுக்கு அவன் கதவு மாட்டுவான், நான் கண்ணாடி வைப்பேன். அந்தப் பழக்கத்தில்தான் என் பழைய வெள்ளை வண்டியை அவனுக்கே விற்றேன். புரோக்கர் வேண்டாம், தெரிந்த பையன், பிள்ளைப்பாக்கத்துக்காரன் என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

விலையெல்லாம் பேசி முடித்த ஞாயிற்றுக்கிழமை மண்ணூரில் என் வீட்டுக்கு வந்தான். காலண்டரைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"அண்ணே, நாளைக்கு அஷ்டமி. அடுத்த நாள் நவமி. ஆனா நாளைக்கு மாமியாரை செங்கல்பட்டு ஆஸ்பத்திரில டிஸ்சார்ஜ் பண்றாங்க. வண்டி வேணுமே."

"அதுக்கு இன்னா, எடுத்துக்கினு போ."

"எடுத்துக்கினு போறேன். ஆனா சாவி வாங்குனது தசமில இருக்கணும்ணே. புதன்கிழமை காலைல வண்டிய இங்கயே கொண்டாந்து நிறுத்திடறேன். பூஜை போட்டு, நீங்களும் அண்ணியும் உங்க கையால சாவி குடுங்க. எழுதற தேதியும் அதையே போட்டுக்கலாம்."

எனக்கு இதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. நானும் அஷ்டமியில் ஒரு குண்டூசி வாங்காத ஆள்தான். அப்பனுக்கும் பிள்ளைக்கும் இருக்கிற மாதிரி ஒரு பாசத்தோடு தலையாட்டினேன்.

திங்கட்கிழமை எனக்கு முதல் ஷிப்ட். நான் வேலையில் இருந்தபோது அவன் வந்து என் மகன் செந்தமிழனிடம் சாவியை வாங்கி வண்டியை எடுத்துப் போனான். சொன்னபடி புதன்கிழமை காலையில் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். பார்த்தால் முன்பக்க பம்பர் புதுசு, ஒரு பக்கத்து லைட்டும் புதுசு.

"பூஜைக்குப் பளிச்சுனு இருக்கட்டுமேன்னு மாத்திட்டேண்ணே" என்றான்.

என் வண்டி நல்ல கைக்குப் போகிறது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். என் மனைவி ஜோதி பொட்டு வைத்தாள். நானும் அவளும் சேர்ந்து சாவியைக் கொடுக்க, அவன் குனிந்து வாங்க, செந்தமிழன் போட்டோ எடுத்தான். அதை நானே என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். வண்டி இன்று காலை கைமாறியது, இதுவரை உள்ள கேஸ் எல்லாம் விற்றவர் பொறுப்பு, இனிமேல் வாங்கியவர் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். எல்லாரும் எழுதுகிற தாள்தான்.

பத்து நாள் கழித்து ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. அந்த அஷ்டமித் திங்கட்கிழமை முற்பகலில், ஒரகடம் கூட்ரோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, கிளியம்மாள் என்கிற கேன்டீன் வேலைக்காரப் பெண்மணியை ஒரு வெள்ளைக் கார் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. தொடை எலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறார். ஒரு டீக்கடைக் கேமராவில் பின்பக்க நம்பர் மட்டும் பதிந்திருக்கிறது. என் வண்டி, என் பேரில் இருக்கிற நம்பர்.

முதலில் எனக்குப் பயமே வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்தப் புது பம்பர் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. டீ பிரேக்கில் பரசுராமனை மிஷின் ஓரமாக இழுத்துக் கேட்டேன்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"நான் காண்ட்ராக்ட்ணே. இந்த வருஷம் பர்மனெண்ட் லிஸ்ட்ல என் பேரு கீது. கேஸ்னு வந்தா தூக்கிடுவாங்க. நீங்க பர்மனெண்ட், யூனியன் கீது. உங்கள யாரு இன்னா பண்ணுவாங்க?"

"பொம்பள காலை ஒடச்சிட்டு வந்து எனக்கு எலுமிச்சம்பழம் நசுக்கிக் காட்டுனியாடா?"

"நான் இல்லண்ணே. தசமிலதான் எனக்கு சாவி குடுத்தீங்க. போட்டோ கீதே" என்றான். சொல்லிவிட்டு லைனுக்குப் போய்விட்டான்.

அன்றைக்கு நான் வைத்த கண்ணாடியில் இரண்டு திரும்பி வந்தன. சூப்பர்வைசரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இருந்தாலும் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. திங்கட்கிழமை நான் கம்பெனியில் இருந்தேன். கார்டு தேய்த்தது பதிவாகியிருக்கும். ஆபீஸில் நடையாய் நடந்து அந்த அட்டெண்டன்ஸ் தாளை வாங்கினேன். விபத்து நடந்தபோது நான் லைனில் இருந்தேன், வண்டியை நான் தொடவே இல்லை என்று கைப்பட ஒரு கடிதமும் எழுதி, இரண்டையும் சேர்த்து எஸ்.ஐ.யிடம் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து ஜோதியிடம், "முடிஞ்சுது போ" என்றுகூடச் சொன்னேன்.

சனிக்கிழமை என்னையும் பரசுராமனையும் ஸ்டேஷனுக்கு வரச்சொன்னார்கள். செந்தமிழன்தான் என்னைப் பைக்கில் கூட்டிப் போனான். டிப்ளமா முடித்தவன். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். போலீஸ் வெரிஃபிகேஷன் முடிந்தால் அடுத்த மாதம் சேர வேண்டியதுதான்.

"சாவிய நான்தான் அவருக்குக் குடுத்தேன். நான் சாட்சி சொல்றேன்ப்பா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். நான் அவனை வெளியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

எஸ்.ஐ. நல்ல மாதிரியாகத்தான் பேசினார். ஒரு சத்தம் போடவில்லை. பரசுராமன் கொடுத்திருந்த போட்டோவையும் கையெழுத்துப் போட்ட தாளையும் மேஜையில் வைத்தார்.

"புதன்கிழமைதான் வண்டி கைமாறிச்சு. ரெண்டு பேரும் எழுதியிருக்கீங்க."

"அது அஷ்டமின்னு அப்படி எழுதினது சார். திங்கக்கிழமையே இவன் எடுத்துக்கினு போயிட்டான்."

"யாரு பாத்தாங்க?"

"என் வூட்ல பாத்தாங்க. என் பையன் பாத்தான்."

"வூட்டாளுங்கள வுடுங்க. வெளியாளு?"

எங்கள் தெருவில் பகலில் யார் இருக்கிறார்கள்? பாதிப்பேர் ஷிப்டில் இருப்பார்கள், மீதிப்பேர் ராத்திரி ஷிப்ட் முடித்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார்கள். மாமியாரைக் கூட்டிவரத்தான் வண்டியை எடுத்தான் என்றேன், வாடகை வண்டியில் போனேன் சார் என்றான். பம்பர் மாற்றிய கடையைக் கண்டுபிடியுங்கள் என்றேன். பம்பர் அப்படியேதான் வந்தது சார் என்று பரசுராமன் அடக்கமாகச் சொன்னான். படப்பையிலிருந்து வாலாஜாபாத் வரைக்கும் எத்தனை பட்டறை இருக்கிறது, எதில் போய்த் தேடுவது?

எஸ்.ஐ. என் அட்டெண்டன்ஸ் தாளை எடுத்தார்.

"இது சரியா கீது. கம்பெனிலயும் கேட்டுட்டோம். நீங்க ஓட்டல, ஒத்துக்கறேன். அப்போ வண்டி உங்க வூட்ல நின்னுது. வூட்ல வேற யாருக்கு ஓட்டத் தெரியும்?"

ஜோதிக்கு ஸ்கூட்டி ஓட்டவே வராது. மிச்சம் செந்தமிழன் ஒருவன்தான். அந்த நேரம் பார்த்துப் பரசுராமன் நாற்காலியை விட்டு எழுந்து இரண்டு கையையும் கூப்பினான்.

"சார், தம்பி தங்கமான பையன் சார். எல்.எல்.ஆர். தான் வச்சிக்கினு கீது. பயத்துல நிக்காம போயிருக்கும். வேற கம்பெனில வேலை கூட கெடச்சிருக்குது. கொஞ்சம் பாத்து செய்யுங்க சார்."

அவன் குரலில் உண்மையாகவே இரக்கம் இருந்தது. அவன் கழுத்தைப் பிடித்திருப்பேன். கை எழவில்லை. இத்தனை பயம் என் ஜென்மத்தில் நான் பட்டதில்லை.

"நான்தான் சார் ஓட்டினேன்" என்றேன்.

எஸ்.ஐ. என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என் கடிதத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"வண்டிய நான் தொடவே இல்லன்னு எழுதியிருக்கீங்க. கார்டும் அதான் சொல்லுது. இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார். ஆனா..."

"நானும் புள்ள பெத்தவன்தான் பகலவன். பையன் வெளியதானே நிக்கறான்? உள்ள வரச் சொல்லுங்க."

வெளியே வந்தேன். செந்தமிழன் பைக்கில் சாய்ந்து நின்றவன் என்னைக் கண்டதும் வேகமாக வந்தான்.

"இன்னாப்பா, சாட்சிக்குக் கூப்டாங்களா?"

கூப்பிடுகிறார்கள் என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. மேற்கொண்டு சொல்வதற்குள் அவன் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, எனக்கு முன்னால் உள்ளே போனான்.