ஆல்பர்ட் தொராவின் கல்லறை

செத்துப்போனவர்களுக்குச் சண்டை போடத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இந்தக் கமிட்டிக்காரர்கள் இப்படி ஆடுகிறார்கள் என்று ஐவிக்குத் தோன்றியது. அம்மா ரேச்சல் அன்று விடியற்காலையில் ஹப்சிகுடா வீட்டில் கண்ணை மூடியிருந்தாள். ஐஸ் பெட்டிக்குச் சொல்லி, சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு முடித்து, மகன் ஜாய்சனைக் கூட்டிக்கொண்டு செகந்திராபாத் கல்லறைத் தோட்டத்து ஆபீசுக்கு வந்தாள். கமிட்டி செயலாளர் ரூஃபஸ் டீயை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, "அந்தக் குழியத் திறக்க முடியாது, ஐவிம்மா" என்றார்.

அந்தத் தோட்டத்தில் புதிதாக ஒரு முழம் இடம் கிடையாது. ஆனால் ஒரு வழக்கம் உண்டு. புருஷனை வைத்த குழியைப் பல வருஷம் கழித்துத் திறந்து, அதிலேயே பெண்சாதியையும் வைப்பார்கள். குடும்பக் குழி இல்லாதவர்கள் ரிங் ரோட்டைத் தாண்டிப் பொட்டல்காட்டுக்குப் போக வேண்டியதுதான். படுக்கையில் விழுந்த பிறகு அம்மா வேறு எதையும் கேட்டதில்லை. "என்ன உங்கப்பாகூடக் கொண்டு வச்சிரு, என்ன" என்பாள். ஐவியும் கையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருந்தாள்.

"ஏன் திறக்க முடியாது?"

"வந்து பாருங்க, உங்களுக்கே வெளங்கும்" என்று ரூஃபஸ் முன்னால் நடந்தார்.

பார்த்தாள். அப்பாவின் குழிமேல் பளபளவென்று ஒரு கறுப்பு கிரானைட் மேடை. அதில் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் தங்க எழுத்தில் ஆல்பர்ட் தொரா என்று பொறித்திருந்தது. மேலே வாடின மாலைகள், பாதி புகைந்த சிகரெட்டுகள், யாரோ அன்பாகத் திறந்து வைத்துவிட்டுப் போன குவார்ட்டர் பாட்டில். 'தங்கையா, தென் மத்திய ரயில்வே' என்று எழுதியிருந்த அப்பாவின் பழைய கல்லைக் காம்பவுண்டுச் சுவரோரமாகத் திருப்பிச் சாத்தி வைத்திருந்தார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்வதில் ஐவி இரண்டு வருஷமாக இந்தப் பக்கம் வரவில்லை. அந்தச் சந்தில் புகுந்து விளையாடிவிட்டார்கள்.

யார் இந்த ஆல்பர்ட் தொரா? ஒருத்தனும் இல்லை. தொரா என்றால் தெலுங்கில் துரை. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு தெலுங்குப் படத்தின் ரௌடி. செகந்திராபாத் ஸ்டேஷனில் மூட்டை தூக்க வந்தவன் ஊரையே கைக்குள் போட்டுக்கொண்டு, கடைசியில் கூட இருந்தவன் கையாலேயே சுடப்பட்டுச் சாகிற கதை. படம் ஓடு ஓடென்று ஓடியது. இன்றைக்கும் ஆட்டோவுக்குப் பின்னால் அவன் முகம், கல்யாண வீட்டில் அவன் வசனம். கொலை செய்கிறவனுக்கு இந்த ஊரில் இருக்கிற மரியாதை, நாற்பது வருஷம் ஒழுங்காக ரயில் டிக்கெட் கொடுத்தவனுக்கு எங்கே இருக்கிறது?

அந்தப் படத்தின் கடைசிக் காட்சிக்கு டைரக்டருக்குப் புது மண் குவிந்த குழி ஒன்று வேண்டியிருந்தது. அப்பாவை அடக்கம் பண்ணிச் சில நாள்தான் ஆகியிருந்தது. ஈரம் காயாத அந்தக் குவியலைப் பார்த்ததும் மனுஷனுக்கு வாயெல்லாம் பல். அப்போதிருந்த பாஸ்டர் வீட்டுக்கே வந்து கேட்டார். பாஸ்டர் கேட்டால் மறுக்கத் தெரியாத அம்மா தலையாட்டிவிட்டாள். பிளாஸ்டரில் ஒரு பொய்க்கல் செய்து நட்டார்கள். சபையார் அத்தனை பேரும் துக்கக்காரர்களாக நடிக்கப் போனார்கள். பாட்டுக்குழு அங்கி மாட்டிக்கொண்டு நின்றது. மழை பெய்கிறது என்று அப்பாவின் அடக்கத்துக்கு வராதவர்கள், தீயணைப்பு வண்டி அடித்த சினிமா மழையில் கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நனைந்தார்கள்.

அம்மாவுக்கு ஓரமாக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். பாட்டுக்குழு அடக்கப் பாட்டைத் தொடங்கியதும் அவளுக்குத் தாங்கவில்லை. எழுந்து போய்க் குழியோரம் மண்டி போட்டு, மண்ணை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். கேமரா அவள் பக்கம் திரும்பியது. கட் சொன்ன பிறகு டைரக்டர் ஓடி வந்து, "பிரமாதம்மா. இன்னொரு தடவை அழ முடியுமா?" என்று கேட்டானாம். அம்மா முந்தானையை உதறிக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டாள். படத்தை அவள் பார்க்கவே இல்லை. சினிமாக்காரர்கள் விடுவார்களா? ஜன்னலுக்குப் பின்னால் முகம் காட்டாமலே இருக்கிற ஒரு பெண்சாதியைத் தொராவுக்குச் சேர்த்து, கடைசியில் அவள் வெளியே வந்து அழுவதாகக் கதையையே மாற்றிக்கொண்டார்கள். ஜனம் அந்த அழுகையைப் பார்க்கத்தான் திரும்பத் திரும்பத் தியேட்டருக்குப் போனது. போஸ்டரில் அந்த முகம், பனியனில் அந்த முகம். ஜாய்சனே காலேஜில் படிக்கும்போது அப்படி ஒரு பனியனை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். கிழித்துத் தரைதுணியாக்கலாம் என்றால் அம்மா முகமாயிற்றே. ஐவி அதை மடித்து பீரோவுக்கு அடியில் போட்டாள்.

"யாரக் கேட்டு அந்தக் கல்லப் போட்டிய?" என்று ஆபீசுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஐவி கேட்டாள். ஐதராபாதிலேயே பிறந்து வளர்ந்தவள்தான். கோபம் வந்தால் திருநெல்வேலிச் சீமை நாசரேத்துத் தமிழ் தானாக வந்துவிடும்.

"ரசிகர் மன்றத்துப் பயலுவ போட்டாங்க. பெரிய கூட்டம்மா. நாளைக்கு வேற, அந்தப் படத்தைப் புதுசாக்கி ரிலீஸ் பண்ணுதாங்க. மதியத்துக்கு மேல ஆயிரம் பேரு இங்க வருவான். அந்த நேரத்துல போய் மேடைய ஒடச்சா என்ன ஆகும்? கேட்டைப் பிடுங்கி எறிஞ்சிருவான்."

"அங்க படுத்திருக்கது எங்கப்பா. உங்களுக்குத் தெரியாதா, அண்ணாச்சி?"

"எனக்குத் தெரியும். புதுக் கமிட்டியில பாதிப் பேருக்குத் தெரியாது. நெசமாவே தொரான்னு ஒருத்தன் இருந்தான்னு நம்புதாங்க."

"எப்படி நம்பாம இருப்பாங்க? 'ஆல்பர்ட் தொரா அடக்கத்துல நான் பெட்டி தூக்கினவன்'னு ஒவ்வொரு கிறிஸ்துமஸ் டீயிலயும் சொல்லுறது யாரு? நீங்கதான. அது காலிப் பெட்டின்னு என்னைக்காவது சொல்லியிருக்கியளா?"

ரூஃபஸ் மோவாயைத் தடவினார். சபையில் பழைய ஆட்கள் எல்லாருமே அப்படித்தான். நடிக்கப் போனோம் என்று சொல்வதில்லை, அடக்கத்துக்குப் போனோம் என்றுதான் சொல்வார்கள். சொல்லிச் சொல்லியே இல்லாதவனுக்கு ஒரு சாவை உண்டாக்கி, இருந்தவனைச் சுவரோரம் தள்ளிவிட்டார்கள். கடைசியில் அவர், "ரிங் ரோடு தாண்டி நல்ல இடமாப் பாத்துத் தாரேன், காத்தோட்டமா இருக்கும்" என்றார்.

காத்தோட்டமாம். ஐவிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "நாளைக்குச் சாயந்தரம் அம்மாவக் கொண்டுட்டு வாரேன். குழி திறந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். டீயைத் தொடவில்லை.

"மம்மி, டென்ஷன் நக்கோ. அவங்க மாஸ் ஃபேன்ஸ். சண்டை வேண்டாம்" என்று ஜாய்சன் காரில் சொன்னான்.

"கைக்கு நக்கோ? ஏன் வேண்டாம்? உன் பாட்டி பாயசமா கேட்டா? புருஷன் பக்கத்துல படுக்கக் கேட்டா. வாய மூடிட்டு வண்டிய ஓட்டு."

மறுநாள் வீட்டு ஜெபம் முடிந்து, பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே திருவிழா நடந்துகொண்டிருந்தது. தீன்மார் மேள அடி காதைக் கிழித்தது. கலர் காகிதம் பறந்தது. மேடைக்கு ஊற்றப் பால் பாக்கெட்டுகளைத் தோரணமாகக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அத்தனை பேர் நெஞ்சிலும் அம்மாவின் அழுகிற முகம். பெற்ற தாயின் அடக்கத்துக்கு வந்த இடத்தில் அவளே நூறு பனியனில் ஆடுவதைப் பார்க்க எந்த மகளுக்கு விதித்திருக்கிறது? ரூஃபஸ் ஓடி வந்து வண்டியை மறித்தார். குழி திறக்கவில்லை. பாஸ்டர் பைபிளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கையைப் பிசைந்தார்.

வண்டியின் முன்னால் அம்மாவின் போட்டோவை மாலை போட்டுக் கட்டியிருந்தார்கள். பிந்தைய படங்களிலெல்லாம் நோய்க்களை தட்டியிருந்ததால், ஜாய்சன் தேடிப்பிடித்து அப்பா இருந்த காலத்துப் படம் ஒன்றைப் பெரிதாக்கி வைத்திருந்தான். ரசிகர் மன்றத் தலைவன் சாய்குமார், நரைத்த கிருதா வைத்த ஆள், வண்டியை ஒதுக்கச் சொல்லக் கையை ஓங்கிக்கொண்டு வந்தவன், போட்டோவுக்கு முன்னால் நின்றுவிட்டான். குனிந்து தன் பனியனைப் பார்த்தான். நிமிர்ந்து போட்டோவைப் பார்த்தான்.

"அம்மா. நம்ம அம்மாடா இது" என்றான் தெலுங்கில். பிறகு கையைத் தூக்கினான். தீன்மார் நின்றது.

அதற்குப் பிறகு ஐவி ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. தொராவின் பெண்சாதி தொராவைத் தேடி வந்துவிட்டாள் என்று கூட்டம் முழுக்கச் செய்தி ஓடியது. செருப்பைக் கழற்றினார்கள். எங்கிருந்தோ கடப்பாரை வந்தது. அவர்கள் வைத்த மேடையை அவர்களே நெம்பிப் புரட்டினார்கள். வெட்டியானை ஒதுக்கிவிட்டு அவர்களே தோண்டினார்கள். பெட்டியைத் தோளில் வாங்கினவன் ஒருவன் விசும்பி விசும்பி அழுதான். ஐவிக்கு அழுகையும் வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரமும் வந்தது. மகள் கேட்டுத் திறக்காத குழி, ரௌடி பெண்சாதிக்குத் திறக்கிறது.

ரூஃபஸ் பக்கத்தில் வந்து குசுகுசுத்தார். "கர்த்தர் வழி திறந்துட்டாரு, ஐவிம்மா. ஒண்ணும் பேசிராதீங்க. காரியம் முடிஞ்சிரட்டும்."

"ப்ளீஸ் மம்மி" என்றான் ஜாய்சன்.

அவளும் பேசாமல்தான் இருந்தாள். பாஸ்டர் ஜெபித்தார். பெட்டியைக் கயிற்றில் கோத்துக் குழிக்கு மேலே பிடித்தார்கள். அப்போது சாய்குமார் அவளிடம் கைகூப்பிக்கொண்டு வந்து, தெலுங்கில், "அக்கா, அம்மா பேரையும் சேர்த்து நாங்களே பெரிய கல்லாப் போடுறோம். ஆல்பர்ட் தொராவின் மனைவின்னு தங்க எழுத்துல" என்றான்.

அவ்வளவுதான். "நிறுத்துங்க" என்றாள் ஐவி. கயிறு பிடித்தவர்கள் நின்றார்கள். பெட்டி இறங்காமல் போகலாம், கல் பறக்கலாம், அம்மாவைத் திரும்ப ஹப்சிகுடாவுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டி வரலாம். எல்லாம் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் ஒரு பொய்யனுக்குப் பெண்சாதியாக அம்மாவை மண்ணுக்குள் அனுப்பச் சத்தியமாக அவளால் முடியாது.

"கேட்டுக்கங்க எல்லாரும்" என்று அவள் தெலுங்கில் உரக்கச் சொன்னாள். "இவங்க பேரு ரேச்சல். இங்கே படுத்திருக்கிற தங்கையாவோட மனைவி. தங்கையா ரயில்வேயில டிக்கெட் கொடுத்தவர். யாரையும் சுட்டதில்ல, அடிச்சதில்ல. அவர் என் அப்பா. ஆல்பர்ட் தொரான்னு இங்கே யாரும் இல்ல. எங்கேயும் இல்ல."

பின்னாலிருந்து ஒருவன், "பொய்" என்றான். இன்னொருவன், "சர்ச்காரங்களே அடக்கத்துக்குப் போனோம்னு சொல்றாங்களே" என்றான். எல்லாரும் ரூஃபஸைப் பார்த்தார்கள். அவர் பாஸ்டரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"காலிப் பெட்டி" என்றார் கடைசியில். "நான்தான் தூக்கினேன். உள்ள ஒண்ணும் இல்ல."

சாய்குமார் அவளை நெருங்கி வந்தான். ஒரு அடி விழுந்தாலும் விழட்டும் என்று அவள் நகராமல் நின்றாள். அவன் கேட்டது அதுவல்ல.

"அப்போ அந்த அழுகை, அக்கா? படத்துல அம்மா அழுதது? எங்கப்பா செத்தப்பக்கூட எனக்கு அழ வரல. அந்தக் காட்சியப் பாத்துதான் அழுதேன். அதுவும் நடிப்பா?"

"இல்ல" என்றாள் ஐவி. "அது எங்கப்பாவுக்காக அழுதது. அதத்தான் திருடிட்டுப் போனாங்க."

அவன் குனிந்து தன் நெஞ்சிலிருந்த முகத்தைப் பார்த்தான். பிறகு பனியனைக் கழற்றி, முகம் உள்பக்கம் போகும்படி திருப்பி மாட்டிக்கொண்டான். அவனைப் பார்த்து ஒவ்வொருவராக மற்றவர்களும் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். அவன் கயிற்றின் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டு, "அப்பா பேரு என்ன சொன்னீங்க?" என்று கேட்டான்.

"தங்கையா."

"தங்கையாகாரு" என்று மரியாதை சேர்த்து ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான். பெட்டி மெதுவாக இறங்கியது.