மீன்மேல் விழுந்த பழி

கிஃப்லா மறுபடியும் பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் லியூபிங்கா கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள். பின்னங்கால்களை முன்னால் நீட்டி, முன்னங்கால்களால் துடுப்புப் போட்டு, சமையலறையிலிருந்து கூடம் வரைக்கும் படகு விட்டுக்கொண்டு வந்தது அந்தத் தொங்குகாது நாய். நடுவழியில் நின்று வாலுக்கடியில் மூக்கை நுழைத்து நக்கியது. பிறகு மறுபடியும் பயணம்.

“வித்தோ! இவ மறுபடி ஆரம்பிச்சுட்டா!”

அவள் கணவன் வித்தோமிர் வெளியே விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். “பூச்சியா இருக்கும் லியூபா. ஒரு மாத்திரை போடு, சரியாயிடும்.”

“பூச்சியாம் பூச்சி! போன தடவையும் இதையேதான் சொன்னே. சீழ் கட்டி உடைஞ்சு ரத்தமா ஊத்துச்சே, அப்ப உன் பூச்சி எங்க போச்சு?”

அவன் தலையை வெளியே இழுத்துக்கொண்டான். அந்தக் கோடையில் கிஃப்லா பட்ட பாட்டை அவனும் பார்த்திருந்தான். உட்கார முடியாமல், படுக்க முடியாமல், இரவெல்லாம் நின்றபடியே தூங்கி விழுந்த நாய் அது. டாக்டர் சென்கா மயக்க மருந்து கொடுத்துக் கழுவிவிட்டு, மாத்திரையும் கொடுத்து, கழுத்தில் பெரிய பிளாஸ்டிக் புனல் மாட்டி அனுப்பினாள். புனலோடு அது வீட்டுக் கதவுகள் எல்லாவற்றிலும் இடித்துக்கொண்டு திரிந்தது.

அன்றைக்கே இருவரும் நாயைத் தூக்கிக்கொண்டு டான்யூப் நதிக் கரையோரம் இருந்த மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் சென்கா கையுறை மாட்டி, தொட்டுப் பார்த்து, பெருமூச்சு விட்டாள்.

“நல்ல வேளை, இப்பவே கொண்டு வந்தீங்க. புண்ணாகல, நிரம்பி மட்டும் இருக்கு. இங்க பாருங்க. ஆசனவாயைக் கடிகாரம்னு வச்சுக்கோங்க. நாலு மணி இருக்கிற இடத்துல ஒரு பை, எட்டு மணி இடத்துல ஒரு பை. ஒரு நாய் இன்னொரு நாய்க்கு ‘நான்தான் இன்னார்’னு சொல்ற வாசனை இதுலதான் ஊறும். மலம் கெட்டியா வந்தா, போற போக்குல அழுத்தி இதைக் காலி பண்ணிடும். உங்க மகாராணிக்கு எப்பவும் இளகித்தான் வருது. அதனால உள்ள இருக்கிறது தேங்கி, களிம்பு மாதிரி ஆகி அடைச்சுக்குது. என்ன சாப்பாடு போடறீங்க?”

“தீனி, அப்புறம் கொஞ்சம் வேக வச்ச கோழி” என்றாள் லியூபிங்கா.

வித்தோமிர் கூரையைப் பார்த்தான். டாக்டர் அவனைப் பார்த்தாள்.

“மேல என்ன தெரியுது?”

“சுண்ணாம்பு உரியுது டாக்டர். அடிக்கணும்.”

“வறுத்த பன்றிக் கொழுப்பு போடறீங்களா?”

“ஐயையோ, கொஞ்சூண்டு. காலையில.” லியூபிங்காவை ஓரக்கண்ணால் பார்த்தான். “சாயங்காலமும்.”

லியூபிங்கா அவன் விலாவில் முழங்கையால் ஒரு குத்து விட்டாள். “நான் இங்க நாய்க்காக உயிரை விடறேன், நீ கொழுப்பை ஊட்டிட்டிருக்கியா?”

“அது என் மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருக்கு லியூபா! நான் என்ன கல்லா?”

டாக்டருக்குச் சிரிப்பு வந்தாலும் சொல்ல வேண்டியதைக் கறாராகச் சொன்னாள். கொழுப்பு இனிக் கூடவே கூடாது. உடம்பு இளைக்க வேண்டும். பின்பக்கத்தில் கொழுப்பு மூடினால் பை அழுந்தாது. வேகவைத்த பூசணிக்காய் மசித்துப் போட வேண்டும். இசப்கோல் சிறிதளவு, நிறையத் தண்ணீரோடு. பாதத்தையும் ஓயாமல் நக்குவதால் கோழி ஒத்துக்கொள்ளவில்லையோ என்ற சந்தேகமும் உண்டு. கொஞ்ச காலம் அதை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

“இதுக்கப்புறமும் சீழ் வச்சுச்சுன்னா, பையையே எடுத்துடறதைப் பத்தி யோசிக்கணும். ஆனா ஒளிக்காமச் சொல்லிடறேன், அந்த இடத்துல மெல்லிய நரம்பு இருக்கு. அதுல பட்டா, அப்புறம் சில நாய்க்கு மலத்தை அடக்கவே முடியாமப் போயிடும்.”

லியூபிங்கா கிஃப்லாவின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, “எனக்குக் கத்துக் குடுங்க டாக்டர்” என்றாள்.

டாக்டர் காட்டினாள். வாலை மெல்லத் தூக்கி, கையுறையில் வாசலின் தடவி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பைக்குப் பின்னாலிருந்து பிடித்து, கீழிருந்து மேலாக, உள்ளிருந்து வெளியே. லியூபிங்கா முயன்றாள். ஒன்றும் வரவில்லை. இன்னொரு முறை முயன்றாள். கிஃப்லா திரும்பி, ‘என்ன பெண்ணே நீ’ என்பதுபோலப் பார்த்தது. கடைசியில் டாக்டரே முடித்துக்கொடுத்தாள். அறை முழுக்க அழுகிய மீன் நாற்றம் எழும்ப, வித்தோமிர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான்.

“சும்மாச் சும்மா அமுக்கக் கூடாது. நிரம்பியிருந்தா மட்டும். செவந்திருந்தா, சூடா இருந்தா, தொட்டா கத்தினா, ரத்தம் வந்தா, கையே வைக்காதீங்க. நேரா இங்க வந்துடுங்க” என்று சொல்லி அனுப்பினாள் டாக்டர்.

அந்த இலையுதிர் காலம் முழுக்க அவர்கள் வீட்டில் பூசணிக்காய் ராஜ்ஜியம்தான். கொழுப்பு ஊட்டிய பாவத்துக்குப் பரிகாரமாக வித்தோமிரே வெட்டினான், வேகவைத்தான், மசித்தான். காலையில் கிஃப்லாவை ஆற்றங்கரைக்கு நடத்திப்போய்த் திரும்பும்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே குரல் கொடுப்பான்.

“லியூபா! இன்னைக்குக் கெட்டி!”

“நெஜமாவா? எவ்வளவு கெட்டி?”

“எடுத்துக் கோலி விளையாடலாம்!”

பக்கத்து வீட்டுக்காரர்கள் இதற்குப் பழகிவிட்டார்கள். லியூபிங்கா வேலை பார்த்த முடிதிருத்தும் நிலையத்தில், உலர்த்தியின் கீழ் உட்கார்ந்திருக்கும் பெண்கள் வந்ததும் முதலில் கேட்பது கிஃப்லாவின் காலைக்கடன் நிலவரத்தைத்தான். இடுப்பு வளைவு தெரியும் அளவுக்கு நாய் இளைத்தது. பாதம் நக்குவதும் குறைந்தது. இனி கவலையில்லை என்று லியூபிங்கா நினைக்கத் தொடங்கிய நேரத்தில் புனித நிக்கோலாவின் நாள் வந்தது.

வித்தோமிரின் குடும்பத்துக்கு அவர்தான் குலக்காவலர். வாசற்கதவு அன்றைக்குப் பூட்டப்படுவதில்லை, வருகிறவர்கள் வரலாம். நோன்புக் காலம் என்பதால் இறைச்சி கிடையாது, மீன்தான். வித்தோமிர் அதிகாலையிலேயே போய், துள்ளத் துள்ள மீன் வாங்கி வந்து, முற்றத்தில் தீ மூட்டிக் கொப்பரையைத் தொங்கவிட்டான். வெங்காயம், மிளகாய்த்தூள், தக்காளிச் சாறு. கரண்டி போட்டுக் கிளறினால் மீன் உடையும். கைப்பிடியைப் பிடித்துக் கொப்பரையையே ஆட்டுவான். வருஷம் பூராவும் அவன் எதற்கும் பெருமை கொண்டாடுவதில்லை. அந்தக் குழம்புக்கு மட்டும் அவன் ராஜா.

பகல் சாப்பாட்டுக்கு மேசை நிறைந்துவிட்டது. மெழுகுவத்தி எரிந்தது. ரொட்டியைப் பிட்டு, வேகவைத்த கோதுமையை ஒரு கரண்டி வாயில் போட்டு, பழச்சாராயத்தில் வாழ்த்துச் சொல்லி முடிந்தது. வித்தோமிரின் அக்கா மிலேசா சோம்போர் நகரத்திலிருந்து வந்திருந்தாள். வாட்டசாட்டமான பெண்மணி. பாலாடை நிறத்தில் புதுக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, மேசையின் நடுவில் தேர்போல உட்கார்ந்திருந்தாள். அவள் ரகசியம் பேசினாலே தெருக்கோடிக்குக் கேட்கும்.

வித்தோமிர் நூடுல்ஸ் மேல் குழம்பை ஊற்றிக்கொண்டே போனான். எல்லோரும் கரண்டியை எடுத்தார்கள். மிலேசாவின் மூக்கு ஒருமுறை சுருங்கியது. மறுபடியும் சுருங்கியது.

“தம்பி” என்றாள். “இந்த மீனை எங்க வாங்கின?”

“ஏன்க்கா?”

“ஒண்ணுமில்ல. கேட்டேன். ஒரு வாசனை வருது.”

மேசையில் இருந்த அத்தனை மூக்குகளும் வேலை செய்யத் தொடங்கின. வாசனை வந்தது, உண்மைதான். பழைய மீன், இரும்புத் துரு, ஈரத்துணி எல்லாம் கலந்த நாற்றம். ஒருவர் கரண்டியை மெல்லக் கீழே வைத்தார். இன்னொருவர் ரொட்டியை மட்டும் மென்றார்.

வித்தோமிரின் முகம் குழம்பின் நிறத்துக்கு வந்துவிட்டது. “காலையில வாளியில வாலை அடிச்சு என் முகத்துல தண்ணி தெறிச்ச மீன் அக்கா இது!”

“நான் ஒண்ணும் சொல்லலையே. குளிர்காலத்துலயும் கெடத்தான் செய்யும்.”

“கெட்டுப்போச்சா? என் குழம்பா?” நின்றபடியே தன் தட்டை எடுத்து, எல்லோர் முன்னாலும் கடகடவென்று தின்றான். “பாரு! செத்தா போயிட்டேன்?”

“இப்பவே எப்படித் தெரியும்? சாயங்காலம் சொல்லு” என்றாள் மிலேசா.

அவன் தட்டை டொக்கென்று வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய், கொப்பரை பக்கத்தில் முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

லியூபிங்காவுக்கு மட்டும் அந்த நாற்றம் எங்கேயோ பழகிய நாற்றமாக இருந்தது. மேசைத்துணியைத் தூக்கிக் குனிந்து பார்த்தாள். கிஃப்லா, மிலேசாவின் காலடியில், கம்பளத்தின் மேல் ஒரு கோடு இழுத்துக்கொண்டிருந்தது.

“அடி பாவி மகளே!”

நாயை அள்ளிக்கொண்டு குளியலறைக்குள் ஓடினாள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் செல்போனை இடுக்கினாள். டாக்டர் வீட்டிலும் அதே திருநாள். பின்னால் அக்கார்டியன் முழங்கியது.

“டாக்டர்! கசியுது! தேய்க்கிறா!”

“என்ன? சத்தமாப் பேசுங்க! ஏய், வாசிக்கிறதை நிறுத்துங்கடா! செவந்திருக்கா?”

“இல்ல!”

“சூடு? ரத்தம்?”

“ரெண்டும் இல்ல! உருண்டை மாதிரி தெரியுது. தொட்டா ஒண்ணும் பண்ணல, முழிக்கிறா.”

“அப்ப நிரம்பித்தான் இருக்கு. செய்யுங்க.”

“நானா?”

“பின்ன நானா? நான் ரொட்டி வெட்டிட்டிருக்கேன். தலையை யாராவது பிடிக்கட்டும். மெதுவா. வரலேன்னா விட்டுடுங்க, நாளைக்குக் காலையில நான் பாத்துக்கறேன்.”

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு மிலேசா வந்தாள். “எங்க போனே? தம்பி வெளிய அழுவுறான்போல இருக்கு, நான் என்ன அப்படித் தப்பாச் சொல்லிட்டேன்...”

“அண்ணி, இங்க வாங்க. இவ தலையைப் பிடிங்க.”

“என்னது?”

“பிடிங்க அண்ணி! கழுத்தை அணைச்சு. அப்படித்தான்.”

வாழ்நாளில் யாருக்கும் பணியாத மிலேசா, என்ன நடக்கிறதென்று தெரியாமலே மண்டியிட்டு, நாயை மார்போடு அணைத்துக்கொண்டாள். லியூபிங்கா கையுறை மாட்டி, ஒரு கையில் பஞ்சு எடுத்துக்கொண்டாள். வாலைத் தூக்கினாள். நாலு மணி. பைக்குப் பின்னால் விரலை வைத்து, கீழிருந்து மேலாக. ஒன்றும் இல்லை. விரலை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு...

வந்தது. பழுப்புப் பசைபோல, பஞ்சில் வழிந்தது.

“வந்துடுச்சு! அண்ணி, வந்துடுச்சு!”

“கடவுளே, என்ன கண்றாவி இது!”

“விடாதீங்க, இன்னொண்ணு இருக்கு!”

எட்டு மணிப் பை பிடிவாதம் பிடித்தது. லியூபிங்காவின் நெற்றி வியர்த்தது. கிஃப்லா மிலேசாவின் கன்னத்தை நக்கியது. “நல்ல பொண்ணு, நல்ல பொண்ணு” என்று மிலேசா தன்னை அறியாமல் கொஞ்சினாள். என்ன ஆகிறதென்று பார்க்க எட்டிக் குனிந்து, கையை நீட்டினாள். அதே நொடியில் பை திறந்துகொண்டது. பஞ்சுக்குத் தப்பிப் பீறிட்டு, பாலாடை நிறச் சட்டையின் கையில் போய் விழுந்தது.

மிலேசா கையை மெல்ல மூக்கருகே கொண்டுபோனாள். அவள் கண்கள் விரிந்தன.

“அட, இதே நாத்தம்!”

“அண்ணி, மன்னிச்சுடுங்க, சட்டையை நான் துவைச்சு...”

“சட்டை கெடக்குடி! இதே நாத்தம்தான்! மீன் இல்ல! நாய்!”

எழுந்தாள். கையைக் கொடிமாதிரி உயர்த்திப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குப் பாய்ந்தாள். “மீன் நல்ல மீன்! நாத்தம் நாயோடது! மோந்து பாருங்க!” என்று ஒவ்வொருவர் மூக்கின் கீழும் கையை நீட்டினாள். நாற்காலிகள் பின்னால் சரிந்தன. ஒருவர் ஜன்னலைத் திறந்தார். எங்கும் ஒரே கூச்சல், சிரிப்பு. மிலேசா முற்றத்துக்கும் ஓடினாள்.

“தம்பி! மோந்து பாரு!”

“தள்ளிப் போக்கா! அய்யோ!”

“உன் மீன்மேல பழி போட்டுட்டேன்டா. நாக்கை அறுத்துப் போடணும்.” தலையில் அடித்துக்கொண்டாள். மறுகணமே கொப்பரைக்குள் எட்டிப் பார்த்தாள். “எனக்கு ரெண்டு தட்டு ஊத்து.”

வித்தோமிர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் வெடித்தான். ஊற்றினான். எல்லோரும் கொப்பரையைச் சுற்றி நின்றே சாப்பிட்டார்கள், பனி விழுவதையும் பொருட்படுத்தாமல். லியூபிங்கா கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தபோது யாரோ கைதட்டத் தொடங்க, எல்லோரும் தட்டினார்கள். கிஃப்லா தன் ஆட்டத்தையெல்லாம் விட்டுவிட்டு, லேசான பின்பக்கத்தோடு விருந்தினர்களின் கால்களுக்கிடையே துள்ளியது.

மறுநாள் டாக்டர் தொட்டுப் பார்த்து, “சுத்தமா எடுத்திருக்கீங்க. ஆனா பழக்கமாக்கிடாதீங்க, தானா வேலை செய்ய விடுங்க” என்றாள். குளிர்காலத்தில் இன்னும் இரண்டொரு முறை தேவைப்பட்டது. மிலேசா தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, பழைய சட்டை போட்டுக்கொண்டு, தலையைப் பிடிக்கவென்றே பேருந்து ஏறி வந்தாள். வசந்தம் வந்து, ஆற்றங்கரைப் பாப்லர் மரங்கள் பஞ்சு பறக்கவிட்ட சமயம் டாக்டர் மறுபடியும் சோதித்தாள். வலப்பக்கம் தொட்டாள், இடப்பக்கம் தொட்டாள். புருவத்தை உயர்த்தினாள்.

“காலி. ரெண்டும் தானாவே காலி. கத்தியைப் பத்தி இப்போதைக்கு நினைக்கவே வேண்டாம்.”

லியூபிங்கா நாயைக் கையில் அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தாள். தெருவில் நின்றபடியே சோம்போருக்குப் போன் போட்டு, போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கப் பார்க்கக் கத்தினாள்:

“அண்ணி! தானாவே போகுது அண்ணி! தானாவே!”