எல்லைக்கோட்டில் இரண்டு மருமகள்கள்

பிரேமலதாவின் கால் சுளுக்கிக்கொள்ள வேண்டும் என்று தங்கமயில் வேண்டிக்கொண்டது ஏரிக்கரை ஏற்றத்தில்தான். எலும்பு முறிய வேண்டாம், பாவம், இரண்டு பிள்ளைக்காரி. லேசாகச் சுளுக்கினால் போதும்.

ஜவ்ஹார் மலையில் மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை காலை. அரை மாரத்தான். ஒரு பக்கம் பள்ளத்தாக்கை மேகம் மூடிக் கிடந்தது, மறுபக்கம் பாறையெல்லாம் தண்ணீர் வழிந்தது. கூட ஓடியவர்கள் நின்று நின்று போட்டோ எடுத்தார்கள். தங்கமயிலுக்கு அந்த அழகில் ஒரு துளியும் கண்ணில் ஏறவில்லை. முன்னால் வளைவில் மறைந்த ஆரஞ்சு டீ-ஷர்ட் ஒன்றுதான் தெரிந்தது. அது அவளுடைய ஓரகத்தி பிரேமலதா, கொழுந்தன் பெண்டாட்டி.

இந்த வயிற்றெரிச்சல் நேற்று முளைத்ததல்ல. தாராவியில் ஒரே வீட்டில் கீழும் மேலுமாகக் குடியிருக்கிறார்கள். மூத்த மருமகளாக வந்த நாளிலிருந்து மாமியார் பேராச்சி வாயிலிருந்து தங்கமயில் ஒரு நல்ல வார்த்தை வாங்கியதில்லை. குழம்பு வைத்தால் உப்புக் கூடுதல், கோலம் போட்டால் கோணல். பின்னால் வந்தாள் பிரேமலதா. அவள் வெந்நீர் வைத்தால்கூட மாமியாருக்கு ருசித்தது. போகட்டும் என்று விட்டுவிட்டாள் தங்கமயில், ஏனென்றால் அவளுக்கென்று ஓட்டம் இருந்தது. சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொன்னார். மாட்டுங்கா ஃபைவ் கார்டன் பூங்காவில் நடக்கப் போனவள், சாதனா என்ற மராத்திக்காரி நடத்தும் குழுவில் சேர்ந்து ஓடப் பழகி, சந்திலேயே முதன்முதலாகப் பதக்கம் வாங்கிய பெண்ணாகிவிட்டாள். அதில் குற்றம் சொல்ல மாமியாருக்கும் ஒன்றும் அகப்படவில்லை.

அந்தப் பதக்கத்தைப் பார்த்துத்தான் "யக்கா, நானும் வாரேன்" என்று வந்து நின்றாள் பிரேமலதா. கூட்டிக்கொண்டு போனதும் தங்கமயில்தான், நல்ல ஷூ பார்த்து வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். இந்த வருஷத்து மழைக்காலம் தொடங்குமுன் ஓட்டத்தில் சின்னவள் முந்திவிட்டாள். மூச்சுக்கூட வாங்கமாட்டாள் பாவி. இன்றைக்கு ஒரே ஒரு நாள் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று தங்கமயில் மனதுக்குள் சபதம் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறியிருந்தாள்.

சபதம் ஏரிக்கரையோடு போயிற்று. மீதித் தூரமெல்லாம் அவள் ஓடியது வயிறு எரிந்த சூட்டில்தான்.

ஊருக்குள் திரும்பும் கடைசி வளைவைத் தாண்டினாள். தூரத்தில் எல்லைக்கோடு தெரிந்தது. கோட்டுக்கு நாலடி முன்னால் ஆரஞ்சு டீ-ஷர்ட் அசையாமல் நின்றது.

தங்கமயிலுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. சுளுக்கிவிட்டது! சாமி காது கொடுத்துக் கேட்டுவிட்டது! எங்கிருந்துதான் வந்ததோ அந்த வேகம், பறந்தாள். பக்கத்தில் வந்து பார்த்தால் சுளுக்குமில்லை, ஒன்றுமில்லை. இரண்டு காலையும் நன்றாக ஊன்றி, கல்யாண மண்டப வாசலில் சம்பந்தியை எதிர்பார்ப்பவள் மாதிரி நின்றிருந்தாள் சின்னவள். கோட்டுக்கு அந்தப் பக்கம் சாதனா, பைத்தியமா இவளுக்கு என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். "அரே பிரேமா, பாகல் ஹை க்யா? தீஸ்ரா நம்பர் கயா!" வரவேண்டிய மூன்றாம் பரிசை வேறொருத்தி எப்போதோ தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"என்னட்டி இங்கன நிக்க?"

"நீங்க மொதல்ல போங்கக்கா. வெளக்கு ஏத்துனாலும் பொங்கப் பான வச்சாலும் மூத்தவ நீங்கதான மொதல்ல. ஒங்கள முந்திக்கிட்டு நான் போனா அத்தை என்ன நெனைப்பாவ?"

பிரேமலதா சிரித்துக்கொண்டு சொன்னாள். மனதாரத்தான் சொன்னாள். அதுதான் தங்கமயிலுக்குத் தாங்கவில்லை. ஆசைப்பட்ட கோடு முன்னால் காலியாகக் கிடக்கிறது, நாலு எட்டு வைத்தால் ஜெயம். ஆனால் அது இவள் போட்ட பிச்சையல்லவா! வீட்டில் மாமியார் பேசப்போகும் பேச்சு அங்கேயே காதில் கேட்டது. பரிசையே விட்டுக்கொடுத்தாளே எம் பிரேமா! வேகம் போதாதென்று பெருந்தன்மையையும் இவளே அள்ளிக்கொள்வதா?

வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் ஓங்கி ஒரு தள்ளு தள்ளினாள். வந்த நாளிலிருந்து சேர்த்து வைத்த ஆத்திரம் மொத்தமும் அதில் இருந்தது. பிரேமலதா தடுமாறி, கோட்டைத் தாண்டி, சாதனாவின் மேலேயே போய் விழுந்தாள்.

கூட்டம் கைதட்டியது. விசில் பறந்தது. தங்கமயிலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னாலேயே கோட்டைத் தாண்டி வந்தவளைச் சாதனா கண்கலங்கக் கட்டிக்கொண்டாள். "க்யா தீதி ஹை!" அக்கா என்றால் இவளல்லவா அக்கா என்று உருகினாள். குழுவில் யாரோ எடுத்த வீடியோ உடனே பிரேமலதாவின் போனுக்கு வந்தது. தான் வழிவிட்டு நின்றது அதில் நன்றாகத் தெரிந்ததால் அவள் அதை அப்படியே மாமியாருக்கு அனுப்பினாள்.

ஓடி முடித்தவர்களுக்குக் கொடுத்த அவல் உப்புமாத் தட்டோடு உட்காருவதற்குள் பேராச்சி வீடியோ காலில் வந்துவிட்டாள்.

"பாத்தியளா அத்தை?" என்றாள் பிரேமலதா, போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு.

"பாத்தேன், பாத்தேன். மூத்தவ எங்கட்டி? அவகிட்ட குடு." போன் கை மாறியது. "ஏ தங்கமயிலு, தான் முந்தாம சின்னவள முன்னால தள்ளிவிட்டியே, இந்த மனசு எவளுக்கு வரும்? சந்து பூராவும் காட்டிட்டேன். மூத்த மருமவன்னா நீதாம்ட்டி!"

எத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை! வந்து வந்து, இதற்கா வர வேண்டும்? தங்கமயிலுக்கு உடம்பு கூசியது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைக்கூடத் திறந்தாள்.

"அதுல என்ன இருக்கு அத்தை, நம்ம பிள்ளைதான" என்று வந்தது.

போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிரேமலதா தோள்பட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பரிச விட்டுட்டு நின்னது நான்தானக்கா" என்றாள். உதட்டில் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. முகம் மட்டும் சுண்டிப்போய், கண் தங்கமயிலின் கண்ணைப் பார்க்க மறுத்து எங்கோ அலைந்தது. அந்தப் பார்வையின் சூடு தங்கமயிலுக்கு நன்றாகத் தெரியும். அடுத்தவள் முகத்தில் அதைப் பார்க்க அவ்வளவு சுகமாக இருக்கும் என்பதுதான் இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

எழுந்து போய்த் தனக்கு இன்னொரு தட்டு உப்புமா வாங்கி வந்தாள்.