கைக்குழந்தையின் ரத்தத்தில் கதவடைப்பு

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கையின் குழந்தை வெளுக்கிறதே என்று பதறி ஒரு மருத்துவப் புத்தகத்தைப் புரட்டினேன். பயம் போய்விட்டது, படித்தது மிஞ்சியது. அதை வீணாக்க மனமில்லாமல்தான் இந்தக் கதை.

முதல் வரி: 'மட்டாஞ்சேரிக் காயலில் நிலவு...' வேண்டாம். நிலவுக்கு இதில் வேலையில்லை.

2
1983. கொச்சியில், மட்டாஞ்சேரி அரிசிக் கிட்டங்கியில் மூட்டை தூக்கும் செல்லப்பாவுக்குத் தலைப்பிள்ளை பெண். பிறந்தபோது செக்கச்செவேலென்று இருந்தவள் இரண்டு மாதத்தில் வெளுத்துவிட்டாள். "பாலு நல்லாத்தேன் குடிக்கிறா" என்றாள் அவன் மனைவி ஒச்சம்மாள். அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

(இங்கே குழந்தைக்கு ஒரு பெரிய வியாதி வைத்திருந்தேன். டாக்டர் திரிபுரசுந்தரி சோதித்துப் பார்த்துவிட்டு அதை எடுத்துவிட்டார்.)

3
"நோயில்லை, செல்லப்பா. அம்மா வயித்துக்குள்ள பிராணவாயு கம்மி. அதைச் சுமக்கச் சிவப்பணு நிறைய வேண்டியிருந்தது. உள்ளே இருந்த ஹீமோகுளோபினும் கிடைச்சதை இறுக்கிப் பிடிச்சுக்கற தினுசு. வெளியில காத்துக்குப் பஞ்சமா? எலும்பு மஜ்ஜை புதுசு பண்றதைக் குறைச்சுடுத்து. பழசு கழியறது. ரொம்பக் குறைஞ்சா தானே மறுபடி ஆரம்பிக்கும். அப்போ வரதுல பெரியவாளோட ஹீமோகுளோபின் இருக்கும்."

செல்லப்பா யூனியன்காரன். "பேச்சுவார்த்தை இல்லாம ஆளெடுக்கறத நிறுத்துனா அது கதவடைப்பு, டாக்டரம்மா. எப்பத் தொறக்கும்?"

"அடுத்த மாசத்துக்குள்ள."

"மஜ்ஜை ஒத்துக்கிருச்சா?"*

"பீட்ரூட் சாறு, டானிக்னு எதையும் கொடுத்துடாதே. தாய்ப்பால் போதும். நீ சும்மா பாத்துண்டு இரு."

* ஆளெடுக்கச் சொல்லி உத்தரவு போடுவது உண்மையில் சிறுநீரகம். அதைச் சொன்னால் அதற்கும் கொடி பிடிப்பான் என்று டாக்டர் விட்டுவிட்டார்.

4
சும்மா பார்ப்பது அவனுக்குப் புதிதல்ல. வெளியாள் மூட்டை இறக்கினால் யூனியன்காரர்கள் நின்று பார்த்து, அதற்கும் கூலி வாங்குவார்கள். நோக்குக்கூலி என்று பெயர். அதில் செல்லப்பா கைதேர்ந்தவன். ஆனால் மகளைப் பார்த்துக்கொண்டு நிற்பது மூட்டையைவிடக் கனத்தது. தினமும் காலையில் ஜன்னலடியில், உள்பக்கம் சிவப்பு ஏறியிருக்கிறதா என்று அவளுடைய கீழிமையை இறக்கிப் பார்ப்பான்.

"பானையத் தொறந்து தொறந்து பாத்தா அரிசி வெந்துருமா? சாயா ஆறுது, குடிச்சிட்டு வேலைக்குப் போங்க" என்பாள் ஒச்சம்மாள். அவன் போனதும் அவளும் பார்ப்பாள்.

5
முடிவு ஒன்று: கன்னம் சிவந்தது, யூனியன் முழுக்க லட்டு. அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: மஜ்ஜைக்கு எதிராக ஊர்வலம் கிளம்பி... இல்லை. அவனை வைத்து இதுவரை சிரித்தது போதும். அவன் பயம் நிஜம்.

டாக்டர் சொன்ன மாதம் முடியப்போகிறது. இன்று காலையும் ஜன்னலடியில் நிற்கிறான்.

"செவப்பு தெரியுதா, ஒச்சம்மா?"

"தெரியுற மாதிரித்தேன் இருக்கு. ஒங்களுக்கு?"

ஆசையில் பார்க்கிற கண்ணை இருவருமே நம்பவில்லை. மூன்றாவதாக ஓர் ஆள் வேண்டும். வாருங்கள், கையைக் கழுவிக்கொண்டு நீங்களே இமையை இறக்கிப் பாருங்கள். மெதுவாக, இப்போதுதான் தூங்கினாள். பார்த்ததற்குக் கூலி கேட்காதீர்கள். செல்லப்பாவே கேட்கவில்லை.