குடிவருவோரிடம் சில கேள்விகள்

“ஏனுங்க, இந்த மாசத் தவணைக்கு என் வளையலைக் கழட்டோணுமா?” என்று கேட்டு, சந்திரகலா காபி டம்ளரைச் சற்று ஓசையோடு வைத்தாள்.

கணவர் மருதாசலம் டம்ளரை எடுத்துக்கொண்டார். முதல் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தார். நெய்வேலிச் சுரங்கத்தில் ஃபோர்மேன், ஓய்வுபெற மூன்று வருடம் இருந்தது. பிற்பாடு வாடகை வரட்டும் என்று குள்ளஞ்சாவடி ரோட்டில் ஒரு புது நகரில் மனை வாங்கி, பேங்க் கடனில் வீடு கட்டியிருந்தார். வாங்கும் முன் அவர் கேட்காத கேள்வியில்லை. பட்டா யார் பேரில், ரோடு எத்தனை அடி, முப்பது வருட வில்லங்கம் என்ன என்று யூடியூப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு புரோக்கர் துரைராஜைத் துளைத்தெடுத்தார்.

வீடு முடிந்து எட்டு மாதம். இதுவரை குடியிருந்தது பூட்டு மட்டும்தான்.

ஆள் வராமலில்லை. வந்தவர்களிடம், “சொந்த ஊர் எது? ஊருக்குள்ள எந்தப் பக்கம்? குலதெய்வம்?” என்று சுற்றிச் சுற்றி விசாரிப்பார். முப்பது வருடமாகக் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டில் யார் இருப்பது என்பதை அலாட்மென்ட் ஆபீஸே முடிவு செய்துவந்ததில், கேட்க முடியாத கேள்விகளையெல்லாம் சேர்த்து வைத்திருந்தார் போலும். மருந்துக் கம்பெனிப் பையன் ஒருவன், “குலதெய்வமா? மாசக் கடைசியில எங்க மேனேஜரத்தான் கும்புடறேன் சார்” என்றான். அவனும் தேறவில்லை.

“வில்லங்கம் நெலத்துல இல்ல சார், உங்ககிட்டதான் இருக்கு” என்று துரைராஜ் ஒருநாள் சலித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிவந்தது செங்குட்டுவனை. அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். மனைவி தமிழ்நிலாவுக்கு மின்வாரியத்தில் வேலை. கூடவே செங்குட்டுவனின் அப்பா சாமிக்கண்ணுவும் வந்திருந்தார். இரண்டு சம்பளம், குழந்தை ஒன்று. மருதாசலத்துக்கு வாயெல்லாம் பல். ஆனாலும் பழக்கம் விடவில்லை.

“பெரியவரே, உங்களுக்குக் குள்ளஞ்சாவடிப் பக்கம் பழக்கமா?”

“பழக்கமாங்களா? உங்க வூடு இருக்கற எடத்துலதாங்க இருவது வருசமா மல்லாட்ட புடுங்கிக்கினு இருந்தேன்.”

“கடலக்காயா? சொந்த நெலமா?”

“கூலிக்குங்க.”

மருதாசலத்துக்கு அது போதுமாக இருந்தது. மேற்கொண்டு தெருப்பெயர் கேட்கவில்லை. திடீரென்று அவருக்குக் கோயம்புத்தூரில் ஒரு தங்கை பையனும், அவனுக்கு நெய்வேலியில் ஒரு வேலையும் முளைத்தன. “அவன் வர்றேன்னு சொல்லியிருக்கான். அதான் யோசிக்கிறேன்” என்றார்.

“உங்களுக்குத் தங்கச்சியே இல்லீங்களே” என்றாள் சந்திரகலா.

யாரும் சிரிக்கவில்லை. தமிழ்நிலா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். அவளுக்கு இது புதிதல்ல என்பது அவள் எழுந்த விதத்திலேயே தெரிந்தது.

“இரு கண்ணு. பத்திரம் என் பேர்லதான் இருக்குது. பொம்பள பேர்ல இருந்தா பேங்க்ல வட்டி கொறைச்சல்னு இவர்தான் எழுதுனாரு. அக்ரிமென்ட்ல நான் கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும். துரைராஜ், எழுதுங்க” என்றாள் சந்திரகலா. பிறகு, “ஏனுங்க, உங்களுக்கு ரெண்டாவது காபி வேணுமா?” என்று கணவனிடம் கேட்டாள்.

மருதாசலம் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. செங்குட்டுவன் குடும்பம் பால் காய்ச்சும் அன்று, வாடகையில் ஆயிரம் குறைத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் கௌரவம் பார்க்காமல் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஓடினார்.

வாசலில் சாமிக்கண்ணு மண்வெட்டியோடு நின்று வடிகால் வெட்டிக்கொண்டிருந்தார்.

“எதுக்கு ஆயிரம் கொறைச்சா அவ?” என்றார் மருதாசலம்.

“ஐப்பசியில மழ புடிச்சா இங்க முட்டிக்கால் தண்ணி நிக்குங்க. வூட்டுக்குள்ள வராது, வாசலோட சரி. நாங்க தண்ணியில நின்னுக்கினேதான் மல்லாட்ட புடுங்குவோம். சுத்தி இருக்கற எல்லாத்தவுட இந்த மனைதாங்க பள்ளம்.”

மருதாசலம் தன் வீட்டை முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தார். “இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?”

சாமிக்கண்ணு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

“உங்க வூட்டம்மா தண்ணியப் பத்திக் கேட்டாங்க, சொன்னேன். நீங்க கேட்டது வேற கேள்விங்களே.”